யாரு பெத்த புள்ளையோ

ஜன்னல் ஓரம் நீங்களே உக்காருங்கக்கா. எனக்கு எந்தப் பக்கம்னாலும் ஒண்ணுதான். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிருங்க, எம்மேல வாடை எதும் அடிக்கிதா? கூச்சப்படாமச் சொல்லுங்க. காலையில சீயக்காயப் போட்டுத் தேச்சு, அதுக்கு மேல சாம்புவ ஊத்தி, ஒரு அரை மணி நேரம் குளியல்தான். இல்லையா? எனக்காகச் சொல்லலையே? சரி.

பையில துருத்திக்கிட்டு இருக்கே, இதையா கேக்குறீங்க? பொன்னாடைக்கா. எனக்குத்தான் போத்துனாங்க. திண்டுக்கல்லுல, ஒரு காலேஜில. நானே இன்னும் நம்பல. போத்துனது யாருன்னு கேளுங்க. வேணாம், கேக்காதீங்க.

நீங்க எதுவரைக்கும்? பெரியகுளமா? நான் வத்தலக்குண்டுலயே எறங்கிருவேன். அப்பச் சொல்லலாம். எங்க தெருவுல இதச் சொல்ல முடியாதுக்கா. சொன்னா எம்மகளப் பேசுவாங்க. தப்புப் பண்ணுனது நான், பேச்சு அது மேல விழுகும்.

எம்பேரு பவுனுத்தாயி. ஆட்டுத்தலை, காலு வாட்டிக் குடுக்குறது எந்தொழிலு. கறிக்கடையில தலைய வாங்கிட்டு வந்து குடுத்துட்டுப் போயிருவாங்க. சிலிண்டருல குழாய மாட்டி, நெருப்பச் சீற விட்டு, முடியெல்லாம் பொசுக்கி, சொரண்டி, கழுவி, வெட்டிக் குடுக்கணும். ஞாயித்துக்கெழமைன்னா வீட்டு வாசல்ல மூச்சு விட நேரமிருக்காது. வீட்டுக்காரரு கேரளாவுல ரப்பர் தோட்டத்துல இருக்காரு, வருசத்துக்கு ஒருக்க வருவாரு. இந்த வேலையிலதான் நான் எம்புள்ளயப் படிக்க வைக்கிறேன். யோகப்பிரியா. ஒரே புள்ள. யோகான்னு கூப்பிடுவோம்.

பொசுக்குன முடி வாடை இருக்கே, அது எந்தச் சோப்புக்கும் போகாதுக்கா. தலமுடியில ஏறிக்கிரும், சேலையில ஏறிக்கிரும், கொடியில காயுற புள்ளயோட யூனிபாரத்துலயும் ஏறிக்கிரும். பள்ளிக்கூடத்துல பக்கத்துல உக்காந்திருந்த புள்ள எந்திரிச்சு வேற பெஞ்சுக்குப் போயிருச்சு ஒருநாளு. எம்புள்ள வந்து சொல்லல. யூனிபாரத்த வீட்டுக்குள்ள காயப்போட ஆரம்பிச்சுச்சு, அம்புட்டுத்தான். எனக்கு வேற யாரோ சொல்லித்தான் தெரியும். அதனால காலேஜின்னதும் ஆஸ்டல்ல சேத்துருவோம்னு நாந்தான் சொன்னேன். பஸ்ஸுல போயிட்டு வர்ற தூரந்தான். நாந்தான் வேணாம்னேன்.

காலேஜில அது "எங்கம்மா டெய்லரு"ன்னு சொல்லி வச்சிருந்துச்சு. எங்கிட்டயும் சொல்லிருச்சு, மறைக்கல. "சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லிட்டேம்மா"ன்னுச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டெய்லருன்னா நல்லாத்தான்டி இருக்கு, அப்படியே இருக்கட்டும்"னேன். நெசமாத்தான் சொன்னேன். எனக்கு ஊசியில நூலு கோக்கத் தெரியாது. ஆனாலும் அந்த டெய்லரு யாருன்னு நெனச்சுப் பாத்தா எனக்கே அவளப் புடிச்சிருந்துச்சு.

என்ன படிக்கிதா? சமூகவியலு. அப்படின்னா என்னடின்னு கேட்டேன். "மனுசங்க எப்படி ஒருத்தரோட ஒருத்தர் சேந்து வாழுறாங்கன்னு படிக்கிறதும்மா"ன்னுச்சு. அதுக்குமா காலேஜுன்னேன். அதுக்குச் சிரிப்பு வந்துருச்சு. அதோட மேடையில பேசுறதுக்கும் ஒரு பாடம் இருக்காம். அதுல எம்புள்ளதான் மொதல்ல. நம்ப மாட்டீங்க, பள்ளிக்கூடத்துல பேரு கேட்டாக்கூடத் தரையப் பாக்குற புள்ள. இங்க வந்து மைக்கப் புடிச்சுப் பேசுது! போன்ல எனக்குப் பேசிக் காட்டும். நான் ஒரு கையில தலைய வாட்டிக்கிட்டே கேப்பேன். "அம்மா, நீதான் சபை. எந்த எடத்துல உனக்குக் கவனம் போச்சுன்னு சொல்லு"ங்கும். எங்கயும் போகலடிம்பேன். பாதி புரியாதுக்கா. ஆனா கவனம் போகல, சத்தியமா.

பெறப்புல ஒட்டிக்கிற தகுதின்னு ஒண்ணாம், நாமளாச் சம்பாதிச்சுக்கிற தகுதின்னு ஒண்ணாம். இத அது சொல்லச் சொல்ல எனக்குப் பாடமே ஆயிருச்சு.

இப்படியே போயிருந்தா ஒண்ணும் இல்ல. போன மாசம் ஒரு சனிக்கெழம. வாசல்ல உக்காந்து தலை வாட்டிக்கிட்டு இருக்கேன். தெருமுனையில பொம்பளப் புள்ளைங்க கூட்டமா வருதுங்க, கையில அட்டை, பேனா. முன்னாடி ஒரு டீச்சரம்மா. ரேசன் கார்டு கணக்கெடுக்க வர்றாங்க போலன்னு நெனச்சேன். பாத்தா, நடுவுல நீலச் சுடிதாரு. தீவாளிக்கு நான் எடுத்துக் குடுத்த நீலச் சுடிதாரு.

எனக்கு ஒரே சந்தோசம். சொல்லாமக் கொள்ளாம வந்துருச்சேன்னு. யோகான்னு கூப்பிட வாயத் தொறந்துட்டேன். அது என்னையப் பாத்துச்சு. தலைய ஆட்டல, கையக் காட்டல, ஒண்ணுமே பண்ணல. கண்ணு மட்டுந்தான். சின்னப் புள்ளையில, நடுச்சாமத்துல குறி சொல்ல வர்ற சாமக்கோடாங்கியப் பாத்தா ஒரு கண்ணு முழிக்கும். அந்தக் கண்ணு.

வாய மூடிக்கிட்டேன்.

எதுத்த வீட்டுச் சரசு வெளிய வந்தா. அவ கண்டுட்டா முடிஞ்சது, தெருவே கேக்குற மாதிரி "அடியே யோகா"ம்பா. "ஏய் சரசு, பின்தெருவுல தண்ணி வந்துருச்சாம், கொடத்தத் தூக்கிட்டு ஓடு"ன்னு ஒரு சத்தம் போட்டேன். ஓடிட்டா. தண்ணி வரலக்கா. அப்புறம் வந்து என்னைய அந்த வசவு வஞ்சா.

டீச்சரம்மா நேரா எங்கிட்டத்தான் வந்தாங்க. அமலோற்பவம்னு பேரு. தங்கமான பொம்பள. ரத்தமும் கரியுமாக் கெடக்கு வாசலு, ஒரு மொகம் சுளிக்கணுமே! பக்கத்துல கெடந்த கல்லுல உக்காந்துட்டாங்க. "பிள்ளைங்க படிப்புக்காக ஒவ்வொரு தொழில் செய்யிறவங்களையும் பாத்துப் பேசிக்கிட்டு வர்றோம். வேற ஊருக்குத்தான் போகுறதா இருந்தோம், அங்க திருவிழா. அதான் இங்க வந்துட்டோம்"னாங்க. அப்புறம் எம்மகளக் காட்டி, "இவளும் இந்த ஊருதான். இவங்கம்மா இன்னைக்கு ஊர்ல இல்லையாம், இல்லாட்டி அங்கயே எல்லாரும் டீ குடிச்சிருப்போம்"னாங்க.

"அதுக்கென்ன டீச்சர், நான் போட்டுத் தர்றேன்"னேன்.

போட்டுக் குடுத்தேன். கையச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் போட்டேன். எல்லாப் புள்ளைங்களும் குடிச்சுச்சுங்க. எம்புள்ளையும் வாங்குச்சு. வாங்கும்போது "தேங்க்ஸ்ங்க"ன்னுச்சு. ங்கன்னுச்சுக்கா. அதுக்குச் சக்கர கம்மியா இருக்கணும், அப்படித்தான் போட்டிருந்தேன். நல்லவேள யாரும் கவனிக்கல.

ரெஹானான்னு ஒரு புள்ள, வாய்த்துடுக்கான புள்ள, அதுதான் கேள்வி கேக்குது. எம்மக எழுதுது. பேரு என்ன, எத்தன வருசமாச் செய்யுறீங்க, எல்லாம் கேட்டுச்சு. "இந்த வேலை செய்யிறதுல வருத்தம் உண்டாம்மா?"ன்னுச்சு. "தின்னுறவங்க சந்தோசமாத்தான திங்கிறாங்க, வாட்டுறவளுக்கு என்ன வருத்தம்"னேன். டீச்சரம்மா சிரிச்சுட்டாங்க. எல்லாப் புள்ளையும் சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். அந்தச் சிரிப்போட சிரிப்பா ரெஹானா கேட்டுச்சு, "உங்களுக்கு எத்தன பிள்ளைங்கம்மா?"

இல்லம்மான்னுட்டேன்.

யோசிச்சுச் சொல்லல. ஒண்ணுன்னா, என்ன புள்ள, என்ன பண்ணுதுன்னு அடுத்துக் கேப்பாங்கல்ல? அதான். எம்மக பேனா நின்னுச்சு. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு ஆட்டுக்காதப் பொசுக்கிக்கிட்டு இருக்கேன், ஆனா அது எழுதலன்னு தெரியுது. பேனாவும் பேப்பரும் உரசுற சத்தம் இல்லையே. ரெஹானா, "எழுதுடி, குழந்தைகள் இல்லை"ன்னுச்சு. அப்புறம் எழுதிருச்சு.

அந்த ரெஹானாப் புள்ள என்னையப் பாத்து, "ஸாரிம்மா"ன்னுச்சு. பாவம். அதுக்குக் கண்ணுல தண்ணி.

என்னக்கா அப்படிப் பாக்குறீங்க? எம்மகளையா சொல்றீங்க? சேச்சே. அது என்னக்கா பண்ணும்? பதினெட்டு வயசுப் புள்ள. அத்தன பேரு முன்னாடி திடீருன்னு அம்மாவக் கொண்டாந்து நிறுத்துனா? அதுவும் கையில ஆட்டுத்தலையோட! டீச்சரம்மாவும் ஊர மாத்தாம இருந்திருக்கலாம். நானும் அன்னைக்குக் கதவச் சாத்திட்டு எங்கிட்டாவது போயிருக்கலாம். புள்ளைக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒரு போனு போட்டிருக்கும், பஸ்ஸுல வரும்போதுதான் புள்ளைங்களுக்கே சொன்னேன்னு டீச்சரம்மா பேச்சோட பேச்சாச் சொன்னாங்க. பக்கத்துலயே புள்ளைங்க உக்காந்திருக்கப்ப எப்படிப் பேசும்?

அன்னைக்கு அது போன் பண்ணல. மறுநாளும் பண்ணல. அப்புறம் பண்ணுச்சு, சாப்பிட்டியாம்மான்னுச்சு. சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியான்னேன். அதப் பத்தி அதும் பேசல, நானும் பேசல. ஆனா அதுல இருந்து மேடைப் பேச்ச எனக்குப் பேசிக் காட்டுறத நிறுத்திருச்சு. அதுதான்க்கா எனக்குத் தாங்கல. நெருப்புச் சீறுற சத்தந்தான் கேக்குது, வேலையே ஓட மாட்டேங்குது.

இப்படி இருக்கப்ப எம்பேருக்கு ஒரு அழைப்பிதழு வந்துச்சு. பிரிண்டு போட்டது. டீச்சரம்மா அனுப்புனது. புள்ளைங்க தெருத்தெருவாப் போயி விசாரிச்சத மேடையில பேசப் போகுதாம், பதில் சொன்னவங்கெல்லாம் வந்து சிறப்பிக்கணுமாம். உள்ள பேசுறவங்க பேரு போட்டிருக்கு. எழுத்துக்கூட்டிப் படிச்சேன். பி. யோகப்பிரியா, முதலாம் ஆண்டு. அந்தப் பி எழுத்து நாந்தான். அவங்கப்பா வந்து பொறுப்பா எதும் செய்யலன்னு பள்ளிக்கூடத்துலயே எம்பேர முன்னெழுத்தாக் குடுத்துட்டேன்.

எனக்கு ஆச வந்துருச்சுக்கா. அதுதான் நான் செஞ்ச தப்பு. புள்ள மேடையில பேசி நான் பாத்ததே இல்ல. அம்மாவாப் போக முடியாது. விருந்தாளியாப் போகலாம்ல? கூப்பிட்டிருக்காங்கல்ல? அதுகிட்டக் கேட்டா வேணாம்னு சொல்லும், இல்ல வான்னு சொல்லிட்டு மனசுக்குள்ள வெந்துக்கிட்டு இருக்கும். கேக்காமலே கெளம்பிட்டேன். மத்த ஊருகள்ல பதில் சொன்னவங்க யாரும் பொழப்ப விட்டுட்டு வரல.

கடைசி வரிசையில உக்காந்து பாத்துட்டு ஓடி வந்துரணும்னுதான் போனேன். டீச்சரம்மா வாசல்லயே புடிச்சுட்டாங்க. கையப் புடிச்சு முன்வரிசையில கொண்டுபோயி உக்கார வச்சுட்டாங்க. மேல எம்மக நாக்காலியில. என்னையப் பாத்ததும் கையில இருந்த பேப்பரக் கீழ விட்டுருச்சு.

பொன்னாடை போத்தும்போது மைக்குல சொல்றாங்க, "பவுனுத்தாயி அம்மாளுக்கு மாணவி யோகப்பிரியா பொன்னாடை அணிவிப்பார்." எறங்கி வந்துச்சு. போத்தும்போது கிட்டத்துல வந்துச்சா, நான் மூச்ச இழுத்துப் புடிச்சுக்கிட்டேன். வாடை இருந்தா அதுக்குச் சங்கடமா இருக்குமேன்னு. நான் மூச்ச விடாட்டி வாடை வராதாக்கா? கூறுகெட்ட பொம்பள.

பேசுச்சுக்கா. எப்படிப் பேசுச்சுங்கிறீங்க! "பிறப்பால் ஒட்டிக்கொள்ளும் தகுதி ஒன்று, உழைப்பால் வரும் தகுதி ஒன்று. நம் சமூகம் உழைக்கிறவரின் கையைப் பார்ப்பதில்லை, கையில் ஒட்டிய கரியைத்தான் பார்க்கிறது"ன்னுச்சு. ஒரே கைதட்டு. நானும் தட்டுனேன். பக்கத்துல இருந்த ஒரு வாத்தியாரு, "நல்லாப் பேசுறா இந்தப் பொண்ணு"ன்னாரு. ஆமாங்கன்னேன். வேற என்ன சொல்ல.

நடுவுல ஒரு எடத்துல தடுமாறிருச்சு. "அந்தத் தெருவில் ஒரு பெண்மணியைச் சந்தித்தோம். அவருக்குக் குழந்தைகள்..." அப்படின்னு நின்னுருச்சு. தண்ணி எடுத்துக் குடிச்சுச்சு. மறுக்கா, "அவருக்குக் குழந்தைகள்..." அதோட நிக்குது. சபையே பாக்குது. பாடம் மறந்துபோச்சு போல. நான் முன்னாடி உக்காந்திருக்கப் போய்த்தான! பேசு சாமி, பேசுன்னு கண்ணாலயே சொல்றேன், தலைய ஆட்டுறேன். அதப் பாத்துச்சு. அந்த வரிய விட்டுட்டு அடுத்த வரிக்குப் போயிருச்சு. எப்படியோ முடிச்சிருச்சு.

அதோட நான் எந்திரிச்சு வந்திருக்கணும். டீச்சரம்மா மைக்கக் கொண்டாந்து எங்கையில குடுத்துட்டாங்க. "ரெண்டு வார்த்த பேசுங்கம்மா"ன்னு. வேணாம்ங்கிறேன், விட மாட்டேங்கிறாங்க. திரும்பிப் பாத்தா எம்புட்டு மொகம்! எம்மக மேல நின்னுக்கிட்டு இருக்கு. மறுபடி அந்தக் கண்ணு. பயப்படாத தாயின்னு அதுக்கு எப்படிச் சொல்றது? மைக்குல தான சொல்லணும்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பேச வராது. இந்தப் பொண்ணு ரொம்ப நல்லாப் பேசுச்சு. யாரு பெத்த புள்ளையோ. பெத்தவ குடுத்து வச்சவ"ன்னேன்.

கைதட்டுச் சத்தம் காத அடைச்சுருச்சு. என் வார்த்தைக்கு ஊரே தட்டுது. நான் பெருமையா மேல பாக்குறேன். எம்மக ரெண்டு கையாலயும் மொகத்தப் பொத்திக்கிட்டு அப்படியே நாக்காலியில உக்காந்துருச்சு.

அப்பத்தான்க்கா எனக்கு ஒறைச்சுச்சு. நான் குத்திக் காட்டிட்டேன்னு நெனச்சிருச்சு அது. எனக்குப் புள்ள இல்லன்னு எழுதுனவ நீதானடின்னு, அத்தன பேரு முன்னாடி. சத்தியமா அப்படி நெனச்சுச் சொல்லலக்கா. அதக் காப்பாத்தத்தான் சொன்னேன். எங்கயாவது ஒரு ஓரத்துல இருந்துச்சோ என்னமோ, அந்தத் தேங்க்ஸ்ங்கவுக்கு... தெரியல. இருந்திருந்தா நான் மனுசியே இல்ல.

சாப்பாடு போடுறாங்க, இருங்கன்னாங்க. நிக்கல. விறுவிறுன்னு வெளிய வந்துட்டேன். கேட்டுக்கிட்ட வரும்போது பின்னாடி ஓடி வர்ற சத்தம். காலுல செருப்பில்ல. "அம்மா"ன்னு ஒரு சத்தம். காலேஜே கேக்குற மாதிரி. வாட்ச்மேன் பாக்குறாரு, புள்ளைங்கெல்லாம் வந்து நிக்கிது, ரெஹானா நிக்கிது. "அம்மா, நில்லும்மா"ன்னு எங்கையப் புடிச்சுருச்சு.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா?

"யாரும்மா நீ? ஆளு மாறிப் போச்சு போல. போம்மா, உள்ள போ"ன்னு கைய உதறிட்டேன்.

எதுக்குச் சொன்னேன்னு எனக்கே தெரியல. அத்தன பேரு பாக்குறாங்களே, புள்ள ஏதோ அழுக வேகத்துல கத்திருச்சு, நாளைக்கு அதுக்கு அவமானமாப் போயிருமேன்னு... நான் ஒருத்தி சமாளிச்சுட்டா எல்லாம் சரியாப் போயிரும்னு நெனச்சேன். உதறும்போது அதோட வளையல் ஒண்ணு ஒடஞ்சு போச்சுக்கா. திரும்பிப் பாக்காம ஆட்டோவுல ஏறிட்டேன். பெத்து, வளத்து, அது கையத் தட்டி விட்டுட்டு வந்திருக்கேன். இதுக்கு என்ன பேரு? அது எழுதுனது பேப்பர்ல. நான் சொன்னது மூஞ்சிக்கு நேரா.

அழுகலக்கா. காத்துதான். ஜன்னலக் கொஞ்சம் எறக்கி விடுங்க.

என்ன? எம்போனா? ஆமா, எம்போன்தான் அடிக்கிது. அதுதான் கூப்பிடுது. வேணாம்க்கா, எடுத்து என்னத்தப் பேச? திட்டுமோ, அழுகுமோ. காலேஜே வேணாம், ஊருக்கு வர்றேன்னு சொல்லிருச்சுன்னா? நிக்கட்டும்.

திரும்பவும் அடிக்கிதே. நீங்க வேற எடு எடுன்னா... சரி. இந்தாங்க, பையக் கொஞ்சம் புடிங்க.

அலோ. யாரு? யாரும்மா பேசுறது? ரெஹானாவா?

அழுகுதா? சாப்பிட்டுச்சா அது? நீங்க ரெண்டு பேருமா? எந்த பஸ்ஸு? பின்னாடியேவா? சத்தமாச் சொல்லும்மா, பஸ்ஸு எரைச்சல்.

நானா?

ஆமாம்மா. ஆமா. யோகப்பிரியா அம்மாதான் பேசுறேன்.

வச்சிருச்சு. ஏன்க்கா, இது எந்த ஊரு? செம்பட்டியா? நான் இங்கயே எறங்கிக்கிறேன். இல்ல, வத்தலக்குண்டு வர முடியாது. பையக் குடுங்க. ஏப்பா கண்டக்டரு, வண்டிய எடுத்துறாத, எடுத்துறாத. ஆளு எறங்கணும். எம்மக வருது.